தொகுத்தவரும் தொகுப்பித்தவரும்

ஐங்குறுநூற்று ஏட்டின் முடிவில் ஒரு குறிப்பு உண்டு. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூறு என்றால் உருத்திரசன்மர் ஒருவர், பாண்டியன் உக்கிரப்பெருவழுதி ஒருவர். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் ரெண்டு மார்க் கேள்விக்காக இதை மனப்பாடம் செய்தோம். அதற்கு மேல் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பாடினவர்களைப் பற்றி ஆயிரம் ஆய்வேடு உண்டு. தொகுத்தவன் கைபட்டு எந்தப் பாட்டு உள்ளே வந்தது, எது ஓலையில் ஏறாமலே போயிற்று, அந்த ஓலைக்கும் எழுத்தாணிக்கும் சோற்றுக்கும் படியளந்தவனுக்கு அதில் என்ன வேண்டியிருந்தது என்பதெல்லாம் நம் அக்கறைக்கு வெளியே கிடந்தது. பாடினவர் பெயர் தெரியாதபோது பாட்டுக்குள்ளிருந்த ஒரு தொடரையே எடுத்து 'செம்புலப்பெயனீரார்' என்று பெயர் சூட்டியதும் தொகுத்த பக்கத்தின் கைதான். ஆசிரியன் செத்துவிட்டான் என்று ரோலான் பார்த்தைப் படித்துவிட்டு நாம் கூவித் திரிந்தோமே, அப்போதும் தொகுப்பாசிரியன் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு சொற்களையும் எனக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது சங்க இலக்கியம் அல்ல, 'ஜாம்' என்ற ஒரு சமாச்சாரம். ரொட்டியில் தடவுகிற ஜாமும் இல்லை, கத்திப்பாரா ஜாமும் இல்லை. ஜாஸ் இசைக்காரர்கள் முன்தயாரிப்பின்றி ஒன்றுகூடி வாசிப்பார்களே, அந்த ஜாம். ஐபிஎம் நிறுவனம் 2001 மே மாதத்தில் தன் ஊழியர்கள் எல்லோரையும் உள்வலையில் ஒரே சமயத்தில் கூட்டிவைத்து நடத்தியதற்கு 'வேர்ல்ட்ஜாம்' என்று பேர் வைத்தது. பத்துத் தலைப்புகள், மூன்று நாள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். பிறகு 2003இல் 'வேல்யூஸ்ஜாம்', 2004இல் இன்னொரு வேர்ல்ட்ஜாம், 2006இல் 'இன்னொவேஷன்ஜாம்'. இடையில் 2005 டிசம்பரில் ஐ.நா.வின் ஹாபிடாட் அமைப்பும் கனடா அரசும் ஐபிஎம்மோடு சேர்ந்து நகரங்களின் எதிர்காலம் பற்றி நடத்திய 'ஹாபிடாட்ஜாம்'. அதில் 158 நாடுகளிலிருந்து 39,000 பேர். மூன்று நாள் கணக்குக்கு ஒரு எளிய காரணம் சொல்லலாம். 72 மணி நேரம் திறந்து வைத்தால் பூமியின் எந்த மூலையிலிருப்பவனுக்கும் தூங்கி எழுந்து, வேலையும் பார்த்து, அதற்கு நடுவே வந்து பேச மூன்று பகல்கள் கிடைக்கும். சூரியன் மறையாத கூட்டம்!

என் நண்பர் ஒருவர், தொழிற்சங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவர், இதைக் கேட்டதும் சொன்னார்: "கேக்கவாவது கேக்குறானே தோழர். நம்ம சங்கத்துல கிளைச் செயலாளரை வாயத் திறக்க விடுவோமா?" அந்தக் கேலியில் உண்மை இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்த யந்திரத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். தொழில்நுட்பம் பற்றி எழுதும்போது நம்மவர்கள் ஒன்று வாயைப் பிளக்கிறார்கள், இல்லையென்றால் 'ஏகாதிபத்தியத்தின் சதி' என்று மூன்று வார்த்தையில் முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். ரெண்டிலும் யந்திரத்துக்குள் பார்க்கவேண்டிய வேலை மிச்சமாகிவிடுகிறது.

'பிரெயின்ஸ்டார்மிங்' என்கிற சொல்லே ஒரு விளம்பரக் கம்பெனியிலிருந்து பிறந்தது. பிபிடிஓ என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தின் பங்காளியான அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1940களில் இதை எழுத்தில் பரப்பத் தொடங்கி, 1953இல் வந்த தன் நூலில் விதிகளாக்கினார். கமாண்டோ படை ஒரு கோட்டைக்குள் புகுவதுபோல மூளையைக்கொண்டு பிரச்சினைக்குள் புகுவது என்பது அவரது உருவகம். விதிகள் நான்கு. எண்ணிக்கை முக்கியம், கிறுக்குத்தனமாக யோசிப்பது நல்லது, அடுத்தவர் யோசனைமேல் ஏறி நின்று கட்டலாம். நான்காவதுதான் அஸ்திவாரம்: விமர்சனம் கூடாது, அதைத் தள்ளிவை. ஒரு விமர்சனப் பத்திரிகையில் எழுதிக்கொண்டு இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. தள்ளிவைத்த விமர்சனம் பிறகு எங்கே போய் உட்காருகிறது? கூட்டம் கலைந்தபின், கூட்டத்தைக் கூட்டியவரின் மேசையில். எல்லோரும் யோசனை சொல்லலாம், தீர்ப்புச் சொல்ல ஒருவர் போதும் என்பது அந்த நான்கு விதிகளுக்கும் அடியில் எழுதப்படாத ஐந்தாவது விதி.

அந்த முறை அதன் சொந்த வாக்குறுதியையும் காப்பாற்றவில்லை என்பது வேடிக்கை. 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், கூடி உட்கார்ந்து யோசித்தவர்களைவிடத் தனித்தனியே யோசித்து எழுதிய அதே எண்ணிக்கைக்காரர்கள் அதிக யோசனைகள் தந்தார்கள். ஏன் என்பதை 1987இல் டீல், ஷ்ட்ரோப என்ற இருவர் விளக்கினார்கள். ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் வாய்மூடி இருக்கவேண்டும், தன் முறை வருவதற்குள் சொல்ல வந்தது மறந்தோ மங்கியோ போகிறது. கணினி இந்த இடத்தில்தான் நுழைந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நுனமேக்கரும் சகாக்களும் 1980களில் அமைத்த கூட்ட அறைகளில் ஆளுக்கொரு கணினி. எல்லோரும் ஒரே சமயத்தில் தட்டலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். யார் தட்டினது என்பதும் தெரியாது. மேலாளர் சொன்னதா, கடைநிலை ஊழியர் சொன்னதா என்று அறியாமல் வரியை வரியாகவே படிக்கவேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது. ஐபிஎம்மே அப்படிப்பட்ட அறைகளைத் தன் பல கிளைகளில் அமைத்துக்கொண்டது.

இதற்கும் முந்தைய ஒரு கதை உண்டு, இடதுசாரிகள் அதை மறக்கக்கூடாது. பலபேர் பல ஊரிலிருந்து ஒரு கணினி வழியாகக் கலந்து பேசும் முதல் ஏற்பாடுகளில் ஒன்று 1971இல் முர்ரே டூராஃப் செய்த 'எமிசாரி'. எதற்காகச் செய்தது? அந்த வருஷம் அதிபர் நிக்ஸன் விலைகளையும் கூலியையும் உயராமல் உறையவைத்து ஆணை போட்டார். நாடெங்கும் அதை அமல்படுத்துகிற அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான். கூலி உயர்வை நிறுத்திவைக்கும் வேலைக்காகப் பிறந்த பேச்சுவசதி! பிறப்பை வைத்து யாரையும் எடைபோடக் கூடாதுதான், யந்திரத்தையும் கூட. ஆனாலும் ஜாதகத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

ஜாம் அரிசோனா அறையிலிருந்து ஒரே சமயத்தில் தட்டுவதை எடுத்துக்கொண்டது. பெயரின்மையை விட்டுவிட்டது. ஐபிஎம் ஜாமில் பேசுகிறவர் தன் ஊழியர் பெயரோடுதான் பேசவேண்டும். பெயரோடு பேசினால் பொறுப்போடு பேசுவார்கள் என்பது அவர்கள் தரப்பு. இருக்கலாம். ஆனால் 'பொறுப்பு' என்பது மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஓர் அர்த்தம், அடுத்த மாசம் ஆட்குறைப்புப் பட்டியல் வரப்போகிறது என்று கேள்விப்பட்டவனுக்கு வேறு அர்த்தம்.

2003 ஜூலைக்கு வருகிறேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஐபிஎம்மின் தலைவர் சாமுவேல் பால்மிசானோ, தாமஸ் வாட்சன் காலத்து 'அடிப்படை நம்பிக்கைகள்' பழசாகிவிட்டன, நிறுவனத்தின் விழுமியங்கள் என்ன என்பதை ஊழியர்களே பேசித் தீர்மானிக்கட்டும் என்று உலகெங்குமிருந்த 3,19,000 பேரையும் அழைத்தார். ஐம்பதாயிரம் பேர் எட்டிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட பத்தாயிரம் கருத்துகள், பத்து லட்சம் வார்த்தைகள். முதல் நாளில் கொட்டியது முழுக்க கசப்பு. பங்குவிலை ஒன்றுதான் இங்கே மதிப்புள்ள பொருள் என்கிற தொனியில் ஆட்கள் எழுதித் தள்ளினார்கள். மேல்மட்டத்தில் சிலர் இதை உடனே நிறுத்திவிடலாம் என்று துடித்ததையும், தான் மறுத்ததையும் பால்மிசானோ 2004இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். நிறுத்தாததற்காக அவரைப் பாராட்டலாம். மெல்ல மெல்லப் பேச்சு 'ஆக்கபூர்வமாக' மாறியது என்கிறது அதே பேட்டி. முடிவில் 2003 நவம்பரில் மூன்று விழுமியங்கள் வெளியாயின: ஒவ்வொரு வாடிக்கையாளரின் வெற்றிக்கும் அர்ப்பணிப்பு, நிறுவனத்துக்கும் உலகுக்கும் பொருட்படுகிற புதுமை, எல்லா உறவுகளிலும் நம்பிக்கையும் தனிமனிதப் பொறுப்பும். ஏறத்தாழ 22,000 முதல்நிலை மேலாளர்களுக்கு, மேலே அனுமதி கேட்காமலே வாடிக்கையாளருக்காக ஆளுக்கு வருஷம் 5,000 டாலர் வரை செலவழிக்கும் உரிமையும் கிடைத்தது. கசப்பு எங்கே போனது என்று கேட்டால், 'நம்பிக்கை' என்ற சொல்லுக்குள் போயிற்று. நம்பவில்லை என்று எழுதினவர்களின் வாக்கியங்கள் நம்பிக்கை வேண்டும் என்பதாக வாசிக்கப்பட்டன.

அந்தப் பேச்சைச் சுற்றி அதே ஜூலையில் என்னென்ன நடந்தது என்பதையும் வைத்துப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் பிரதி புரியாது. 1999இல் ஐபிஎம் தன் ஓய்வூதியத் திட்டத்தை மாற்றியது. நடுவயதைத் தாண்டிய ஊழியர்கள் தாங்கள் எவ்வளவு இழப்போம் என்று தாங்களே கணக்குப்போட்டு, இணையத்தில் நிறுவனத்துக்கு வெளியே ஓர் இடத்தில் கூடி, ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்து, செய்தியாளர்களிடமும் அமெரிக்கக் காங்கிரஸிடமும் போனார்கள். அந்தக் கொந்தளிப்பில் 'அலையன்ஸ் அட் ஐபிஎம்' என்ற ஊழியர் அமைப்பு பிறந்தது. சங்கமே இல்லாமல் பெருமையோடு வாழ்ந்த கம்பெனி அது. சில மாதங்களில் நிறுவனம் இறங்கிவந்து, நாற்பது வயது தாண்டி பத்து வருஷம் வேலை பார்த்தவர்களில் இன்னும் 35,000 பேருக்குப் பழைய திட்டத்திலேயே இருக்க வாய்ப்பளித்தது. மிச்சத்துக்கு வழக்கு. 2003 ஜூலை கடைசியில் இல்லினாயில் ஒரு நீதிபதி, புதிய திட்டம் வயதின் அடிப்படையில் பாகுபாடு காட்டுகிறது என்று தீர்ப்பளித்தார். (2006இல் மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது.) அதே ஜூலையில் நியூயார்க் டைம்ஸில் இன்னொரு செய்தி. மார்ச்சில் ஐபிஎம் மனிதவள அதிகாரிகள் தங்களுக்குள் தொலைபேசியில் நடத்திய கூட்டத்தின் ஒலிப்பதிவு வெளியே கசிந்திருந்தது. வெள்ளைக்காலர் வேலைகளை இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் நகர்த்துவதை வேகப்படுத்துவது பற்றியும், தன் இடத்துக்கு வரப்போகிறவனுக்குத் தானே பயிற்சி கொடுக்க நேரும் அமெரிக்க ஊழியனின் கோபம் அவனைச் சங்கத்தின் பக்கம் தள்ளலாம் என்பது பற்றியும் அதில் பேச்சு.

ஆக ஒரே மாதத்தில் மூன்று பேச்சுகள். ஒன்று நீதிமன்றத்தில், ஊழியர்கள் தாங்களே தொகுத்துக்கொண்டு போனது. ஒன்று மூடிய கதவுக்குப் பின்னால், வேலைகள் எங்கே போகும் என்பதைப் பற்றியது. ஒன்று 72 மணி நேரம் திறந்த வெளியில், விழுமியங்களைப் பற்றியது. மூன்றாவதில்தான் எல்லோருக்கும் அழைப்பு.

வேலைகள் எங்கே போயின? இங்கே வந்தன. இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, நான் சாப்பிட்ட சோறும் அப்படி வந்த ஏதோவொரு வேலையில் கிடைத்ததுதான். 2003இல் இந்தியாவில் ஒன்பதாயிரம் பேராக இருந்த ஐபிஎம் ஊழியர் எண்ணிக்கை 2006இல் 43,000 ஆயிற்று. அந்த ஜூனில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பத்தாயிரம் ஊழியர்களைக் கூட்டி, குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை மேடையில் வைத்துக்கொண்டு, மூன்று வருஷத்தில் 600 கோடி டாலர் இந்தியாவில் முதலீடு என்று பால்மிசானோ அறிவித்தார். அடுத்த மாதம் இன்னொவேஷன்ஜாம். ஜூலையிலும் செப்டம்பரிலும் இரண்டு கட்டமாக 104 நாடுகளிலிருந்து ஒன்றரை லட்சம் பேர், ஊழியர் குடும்பத்தினர், 67 வாடிக்கையாளர் நிறுவனங்கள். தலைப்புகள் நான்கு: பயணம், உடல்நலம், மேலான பூமி, நிதியும் வணிகமும். பெங்களூர்க்காரனும் அவனுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியேறிய அமெரிக்கனின் சக ஊழியனும் ஒரே திரையில் ஒரே நேரத்தில் எழுதினார்கள். பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பேசலாம். ஒருத்தர் நாற்காலியில் இன்னொருத்தர் எப்படி வந்து உட்கார்ந்தார், ரெண்டு பேர் சம்பளத்துக்கும் இடையிலிருக்கும் வித்தியாசம் யார் பையில் போகிறது என்று பேசுவதற்குத் தலைப்பு இல்லை. வாயைப் பொத்தினால்தான் தணிக்கை என்று நினைக்கிறோம். நான்கு கதவுகளை அகலத் திறந்துவைத்தாலே போதும், ஐந்தாவது கதவு ஒன்று இருக்கவேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வராது. பாலியல் பற்றிய பேச்சை அதிகாரம் ஒடுக்கியது என்கிற பழைய கதையாடலை ஃபூக்கோ தலைகீழாக்கி, இல்லை, பேசு பேசு என்று தூண்டியே அது வேலை செய்தது என்றார். 1976இல் அவர் எழுதியதைப் பாவமன்னிப்புக் கூண்டு வைத்துப் புரிந்துகொண்டோம். இன்று கூண்டில் ஒன்றரை லட்சம் பேர் ஒரே சமயத்தில் நிற்கலாம். அவ்வளவு பேரையும் கேட்டுக்கொள்ள ஒரு பாதிரியார் எங்கிருந்து வருவார்?

தொகுக்கிற யந்திரம் இங்கேதான் வருகிறது. இன்னொவேஷன்ஜாமில் 46,000 பதிவுகள். யார் உட்கார்ந்து படிப்பது? ஐபிஎம் ஆய்வகத்தில் செய்த 'இ-கிளாஸிஃபையர்' என்ற மென்பொருளும் அதிலிருந்து ஜாமுக்கென்றே முடுக்கிவிட்ட 'ஜாமலைசர்' என்ற கருவியும் உண்டு. அதன் வேலைமுறை ரகசியமில்லை. ஒவ்வொரு பதிவையும் வார்த்தைகளின் எண்ணிக்கையாக மாற்றுகிறது. எந்த எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற வரிசை. இரண்டு பதிவுகளின் வரிசைகள் நெருங்கி இருந்தால் இரண்டும் ஒரே குவியல். இப்படிக் குவித்துக் குவித்து, ஒவ்வொரு குவியலுக்கும் அதில் அதிகம் வரும் சொற்களையே தற்காலிகப் பேராக வைக்கிறது. பிறகு மனிதர்கள் உட்கார்ந்து குவியல்களைச் சேர்ப்பார்கள், பிரிப்பார்கள், பேர் மாற்றுவார்கள்.

இந்த வகை யந்திரங்கள் எல்லாவற்றிலும் வழக்கமாக எண்ணிக்கைக்கு முன் இரண்டு சலிப்புகள் நடக்கும். முதல் சல்லடையில் 'அது', 'இது', 'ஆனால்' போன்ற எங்கும் நிறைந்த சொற்களைத் தவிடு என்று கொட்டிவிடுவார்கள். பரவலாகப் புழங்கும் அந்தத் தவிட்டுப் பட்டியல்கள் பலவற்றில் 'இல்லை' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'நம்புகிறேன்', 'நம்பவில்லை' இரண்டும் சலித்தபின் ஒரே குவியலில் போய் விழுகின்றன. குவியலின் பேர் 'நம்பிக்கை'. ரெண்டாவது சல்லடை இதற்கு எதிர்ப்பக்கம். மொத்தத் தொகுப்பிலும் ஒன்றிரண்டு இடத்தில் மட்டுமே வருகிற அபூர்வச் சொற்கள் கணக்கைக் குழப்பும் என்று தள்ளிவிடுவார்கள். எல்லோரும் சொல்கிற சொல்லும் போயிற்று, ஒருத்தி மட்டும் சொன்ன சொல்லும் போயிற்று. நடுவில் நிற்பதுதான் 'கருத்து'. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. புள்ளியியல் அப்படித்தான் மூச்சு விடுகிறது.

செப்டம்பர் கட்டத்துக்கு முன்னால், ஐபிஎம்மின் ஐம்பது மூத்த அதிகாரிகள் நியூயார்க்கை ஒட்டிய வாட்சன் ஆய்வகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து இந்தக் குவியல்களை வாசித்து 31 'பெரிய யோசனை'களாகச் சுருக்கினார்கள். கடைசியில் பத்துத் தொழில்களுக்கு மொத்தம் பத்துக் கோடி டாலர். மின்வழங்கலைக் கணினிமயமாக்குவது, உடனடி மொழிபெயர்ப்பு, கிளையில்லா வங்கி, முப்பரிமாண இணையம் இப்படி. இதை உள்ளிருந்து ஆராய்ந்த பியெலாண்ட், உட் இருவரும் 2008இல் எழுதிய கட்டுரை ஐபிஎம்முக்கு விரோதமானது அல்ல, நிர்வாகவியல் பத்திரிகையில் வந்தது. அவர்களே சொல்வது: பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளரவில்லை. ஆளாளுக்குத் தன் யோசனையைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு யோசனையை இன்னொருவர் எடுத்துச் செதுக்குவது அபூர்வமாகவே நடந்தது. கடைசியில் பணம் வாங்கிய யோசனைகளில் பல, ஆய்வகங்களில் ஏற்கெனவே யாரோ கையில் வைத்திருந்தவை. ஜாஸ் கச்சேரி என்று பேர் வைத்தார்கள். ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டுத் திருப்பி வாசிக்காவிட்டால் அது எப்படி ஜாம்? நம்மூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநீதி நாளுக்கு நிற்கிற வரிசைதான் இது. அங்கேயாவது மனுவுக்கு ஒரு நம்பர் போட்டுச் சீட்டுக் கொடுப்பான்.

இதுவரை எழுதியதை வாசித்து, ஐபிஎம்மைத் திட்டியாயிற்று என்று யாரும் திருப்தியோடு பக்கத்தைத் திருப்பக்கூடாது என்பதற்காக என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் சில வருஷம் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பிரிவில் இருந்தேன். பேர் வேண்டாம். அங்கும் இதே மாதிரி இரண்டு நாள் திருவிழா ஒன்று வைத்தார்கள். ஆறு தலைப்பு, டீ-ஷர்ட், குலுக்கலில் பரிசு. எனக்குக் கொஞ்சம் எழுத வரும் என்பதால் தொகுப்புக் குழுவில் மூன்றாவது ஆளாகப் போட்டார்கள். யந்திரம் குவியல்களைக் கொடுக்கும், நான் பேர் வைக்கவேண்டும். கூடலூர் கிழார் வேலை! உள்ளபடியே பெருமையாக இருந்தது. ஒரு குவியலுக்கு 'கற்றல் ஒரு கொண்டாட்டம்' என்று நான் வைத்த பேர் மேடையில் வாசிக்கப்பட்டபோது கைதட்டல் வந்தது.

எந்தக் குவியலிலும் ஒட்டாதவற்றை யந்திரம் 'இதர' என்று ஓரமாக ஒதுக்கும். அதில் நாற்பது சொச்சம். 'பிரியாணி நாள் வாரம் ரெண்டு வேண்டும்' வகையறாதான் முக்கால்வாசி. ஒன்று மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழ். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கடைசியாக இறங்குகிற பொண்ணை கேப் டிரைவர் மெயின்ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான், கூட வரவேண்டிய காவலாள் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறான், உள்ளே நடந்துபோக பயமாக இருக்கிறது என்று நாலு வரி. யந்திரத்துக்கு அந்த எழுத்துக்கூட்டல் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. தலைமைப் பொறுப்பிலிருந்தவரிடம் காட்டினேன். "இது ஃபெசிலிட்டீஸ் மேட்டர் பாஸ், நம்ம ஆறு தலைப்புல எதுல வரும்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எதிலும் வராது. 'இதர'விலேயே விட்டேன். இறுதி அறிக்கையில் 'இதர'வுக்குப் பக்கம் ஒதுக்கவில்லை. ஃபெசிலிட்டீஸுக்கு அனுப்பவேண்டியது யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொகுப்பித்தவனை ஏசுவது சுலபம். நடுவில் தொகுத்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆள்தான். இலக்கியம் படித்தவன், நாலு வரி கோவையாக எழுதத் தெரிந்தவன். சங்க மாநாட்டில் தீர்மானம் எழுதுகிற குழுவில் உட்கார்வதும் அவனே. நண்பர் சொன்ன கேலிக்கு இங்கே வருகிறேன். ரெண்டு நாள் மாநாட்டில் பிரதிநிதிகள் பேசிக்கொண்டே இருப்பார்கள், தீர்மானம் முந்தின ராத்திரியே லாட்ஜில் எழுதி முடித்து ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கும். தொண்டு நிறுவனப் பட்டறைகளில் மஞ்சள் சீட்டு ஒட்டச் சொல்வார்கள், ஒட்டினதும் நடத்துநர் 'இதெல்லாம் ஒரே கருத்துதானே' என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். அடியில் போன சீட்டு யாருடையது என்று அதை ஒட்டினவருக்கு மட்டும் தெரியும். ஒரு நடுராத்திரி லாட்ஜ் அறையில் நானும் தீர்மானம் எழுதியிருக்கிறேன். அந்த மாநாட்டில் துப்புரவுப் பெண்கள் கழிப்பறை இல்லை என்று பேசியது 'அடிப்படை வசதிகள்' என்ற சொல்லுக்குள் போயிற்று. ஜாமலைசர் எதுவும் அங்கே இல்லை.

வேறு மாதிரிச் செய்ய முடியாதா என்றால், முயன்றிருக்கிறார்கள். 2015இல் தைவானில் ஊபர் வாடகைக்கார் விவகாரத்துக்குப் 'போலிஸ்' என்ற திறந்த மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். காவல்துறை இல்லை, பேர் அப்படி. அதில் யாரும் யாருக்கும் பதில் போட முடியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரி, சரியில்லை, தெரியாது என்று மட்டும் சொல்லலாம். 'சரியில்லை' அங்கே தவிடாகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும், கணக்கே அதில்தான் ஓடுகிறது. யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்ற குவியல் படம் நடக்க நடக்க எல்லார் கண்ணுக்கும் தெரியும். தொகுப்பின் ஒரு பகுதி பேசினவர்கள் முன்னாலேயே நடக்கிறது. கேள்வியைத் தொடங்கி வைப்பதும் கடைசியில் சட்டம் எழுதுவதும் அரசுதான் என்றாலும் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கம்பெனிகள் போகிற திசை வேறு. இப்போது பெரிய மொழி மாதிரிகளிடம் பத்தாயிரம் பதிவுகளைக் கொடுத்தால் நிமிஷத்தில் வழவழவென்று ஒரு பக்கச் சுருக்கம் தருகிறது. பழைய யந்திரம் அசடு. தனக்குப் புரியாததை 'இதர' என்று ஓரமாகவாவது குவித்து வைத்தது. யாராவது போய்க் கிளறலாம், நான் கிளறியதுபோல. புதியதின் சுருக்கம் ஓட்டை தெரியாமல் பூசிய சுவர். விட்டுப்போனது என்று ஒன்று இருப்பதே அதில் தெரிவதில்லை.

அந்தப் பெண்ணை அப்புறம் ஒருநாள் கேன்டீனில் பார்த்தேன். டெஸ்டிங் பிரிவு, திருவண்ணாமலைப் பக்கம். தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அண்ணா, நீங்கதானே அந்த ரிப்போர்ட் போட்டது? நான் எழுதினது எந்தத் தலைப்புல வந்துச்சு? தேடித் தேடிப் பார்த்தேன்."

"ஃபெசிலிட்டீஸுக்கு அனுப்பியிருக்கும்மா" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அதே கேப் வழித்தடத்தில் போகிற பெண்கள் ஒரு ராத்திரி வண்டியில் ஏற மறுத்து டிரான்ஸ்போர்ட் மேசை முன்னால் நின்றார்கள். சங்கம் கிங்கம் எதுவும் கிடையாது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு எழுத்தில் தெளிவாக்கியதே 2016இல்தான். இது அதற்கு முந்தி. ஒரு முழுநீளத் தாள். மேலே அவள் கையெழுத்தில் அதே நாலு வரி, இந்தத் தடவை தமிழ் எழுத்தில். கீழே ஒவ்வொருத்தியும் தான் இறங்குகிற இடத்தையும் இறக்கிவிடப்படுகிற இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மொத்தம் பதினொன்று. ஆறாம் நாள் காவலாள் கடைசி வீடு வரை போக ஆரம்பித்தான்.

நிற்பதற்கு முந்தின நாள் அந்தத் தாளோடு என் இடத்துக்கு வந்தாள். "நீங்களும் போடுங்கண்ணா, பன்னெண்டா இருக்கட்டும்" என்றாள். நான் அந்த கேப்பில் போகிறவன் இல்லையே என்றேன்.